கோணல் காது

"குதிரைக்கு இடது காது கோணலா இருக்கு," என்றான் அவன், கட்டிலில் சாய்ந்தபடி.

"இருக்கட்டும்! பழைய மோட்டார்ல உருவின கம்பி, உங்க இஷ்டத்துக்கு வளையுமா? வேணும்னா நீங்களே வந்து வளைங்க!"

சொன்னதுமே மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். நரம்பு தளர்ந்த அவன் விரல்கள் குறடு பிடித்து நான்கு வருடமாகிறது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "என் கை போனா என்ன... அதுக்கும் சேர்த்து உன் வாய் இருக்கே!"

கதவு இடிபட்டது. மாமியார்தான். "விடிஞ்சதும் தாழ்ப்பாளா! சீக்காளிய உள்ள வச்சு வேலை வாங்குறியாடி, பீச்சாங்கைக்காரி!"

அவள் குதிரையை அவன் மடியில் வைத்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினாள். அறைக்கு வெளியே வந்தால் போர்வைக்குள் கையை ஒளித்துக்கொள்வான் அவன். கம்பிக் குதிரைக்காரன் என்ற பெயர் ஒன்றுதான் அவனிடம் மிச்சம். 'என் கை போனது அம்மா இருக்கிறவரை யாருக்கும் தெரியக் கூடாது' என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான்.

அன்று மதியத்துக்குள் அவன் போய்விட்டான்.

மூன்று வாரம் கழித்து, உறவெல்லாம் கூடியிருந்த கூடத்தில் மாமியார் அவள் துணிப்பெட்டியைத் தூக்கி எறிந்தாள்.

"என் பிள்ளைய கம்பியாலயே கொன்னவ! உடம்பு முடியாதவன உட்கார வச்சுக் குதிரை குதிரையா செய்ய வச்சாளே... இவ இனி இந்த வீட்டுல இருக்கக் கூடாது!"

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. தொண்டைவரை வந்த உண்மையை விழுங்கினாள். செத்தும் வாயைக் கட்டிவிட்டுப் போனவன் மீதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

கொழுந்தன், கட்டடங்களில் கம்பி கட்டுகிறவன், அந்தக் கடைசிக் குதிரையைக் கையில் எடுத்தான். "இந்தக் காதையாவது நிமிர்த்தி வைக்கிறேன்..."

"தொடாதீங்க தம்பி!"

அதற்குள் குறட்டால் முடிச்சை அவிழ்க்க, பழக்கப்படி இடப்பக்கம் திருகிவிட்டான். அவிழவில்லை; இன்னும் இறுகியது. மறுபடி திருகினான். இறுகியது. அவன் முகம் மாறியது. அலமாரிக்குப் போய் ஒவ்வொரு குதிரையாகக் கவிழ்த்துப் பார்த்தான்.

"அம்மா... அண்ணனும் நானும் ஒண்ணா வேலை பழகினவங்க. எங்க முடிச்சு வலப்பக்கம் சுத்தும். அதோ, அந்தப் பழைய குதிரை ரெண்டும் அப்படித்தான் இருக்கு. மத்ததெல்லாம் இடப்பக்கம். இடது கையால முறுக்கினாத்தான் இப்படி வரும்."

கூடத்தில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த வீட்டில் இடதுகைக்காரி ஒருத்திதான்.

மாமியார் அவள் கையைப் பற்றி விரித்தாள். உள்ளங்கை முழுக்கக் கம்பி கிழித்த தழும்பு. "ஏண்டி சொல்லல? நான் அத்தனை பேச்சுப் பேசினேனே..."

"சொல்லக் கூடாதுன்னு உங்க பிள்ளை வாக்கு வாங்கினார்! இப்பவும் நான் சொல்லல அத்தை, கம்பி சொல்லிடுச்சு. தினமும் ஏசினீங்களே, இந்தப் பீச்சாங்கைதான் உங்க பிள்ளை பேரைக் காப்பாத்துச்சு!"

கிழவி அவள் தோளில் விழுந்து கதறினாள். அவள் உடனே அணைக்கவில்லை. பிறகுதான் பெட்டியைக் கீழே வைத்தாள், அந்த நடுங்கும் முதுகின்மேல் இடது கையை வைத்தாள்.

கொழுந்தன் குறடை நீட்டினான். "நீங்களே நிமிர்த்துங்க அண்ணி."

அவள் வாங்கவில்லை.

குதிரை இப்போது அவன் கட்டிலருகே ஜன்னலில் நிற்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ குதிரைகள் செய்துவிட்டாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. இதன் இடது காது மட்டும் இன்னும் கோணல்தான்.