ஹெடின் ஆடாத சனிக்கிழமை

எங்கள் வகுப்பில் முதலிடம் வந்தவரை அடுத்த நாளே மறந்துவிடுவோம். கடைசியாக வந்தவரை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள்.

நான் சொல்வது பரீட்சையை அல்ல, எங்கள் ஐஸ் ஹாக்கிப் புள்ளிப் போட்டியை. அக்டோபரில் ஆட்டங்கள் தொடங்கும்போது ஆளுக்குப் பத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்போம். நம் வீரர் கோல் போட்டால் ஒரு புள்ளி. ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் இருக்கும் வட்டை, கோல் போடுபவருக்குத் தள்ளிக் கொடுத்தாலும் ஒரு புள்ளி. ஒருவர் எடுத்த வீரரை இன்னொருவர் எடுக்கக் கூடாது. ஏப்ரலில் கடைசி ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். கணக்கு வைத்திருப்பவள் பெட்ரா. எங்கள் ஆசிரியரிடம்கூடக் கெஞ்சிக் காரியம் சாதிக்கலாம். பெட்ராவிடம் முடியாது.

கடைசியாக வருபவர் திங்கள்கிழமை மான்ட்ரியல் அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கோல் வலை முன்னால் நிற்க வேண்டும். வகுப்பே வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு முறை வலையைப் பார்த்துப் பந்தை அடிக்கும். எங்கள் ஊரில் எல்லோரும் டொரோண்டோ பக்கம். மான்ட்ரியல் ஜெர்சியைப் போடுவதைவிட இரவு உடையோடு பள்ளிக்குப் போய்விடலாம்.

இந்த முறை கடைசி இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டோம். ஒன்று நான், ஐலா. இன்னொன்று ரைலன். எங்கள் சாலையின் அந்தக் கோடியில் இருப்பவன். ஒரு மாதமாக அவன் என்னை 'மான்ட்ரியல் மகாராணி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

என் பத்து வீரர்களும் ஆடி முடித்துவிட்டார்கள். நான் ரைலனைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். ஆனால் அவனுக்கு ஒரு வீரர் மிச்சம் இருந்தார். அவர் ஹெடின், டொரோண்டோவின் நட்சத்திரம். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒட்டாவாவோடு ஆட்டம்.

"ஹெடின் தூங்கிக்கிட்டே ஆடினாகூட ரெண்டு புள்ளி எடுப்பாரு. ஜெர்சி சைஸ் என்னன்னு சொல்லிடு, மகாராணி," என்றான் வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலையிலிருந்து உறைமழை. விழுந்த துளியெல்லாம் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியானது. மழை நின்றபோது மரம், வேலி, சாலை எல்லாவற்றின் மேலும் கண்ணாடி பூசியதுபோல் இருந்தது.

மாலை அப்பா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னிக்கு ஹெடின் ஆடலையாம். டொரோண்டோதான் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போயாச்சே, அதான் அவருக்கு ரெஸ்ட் கொடுத்துட்டாங்க."

நான் சோபாவின் மேல் ஏறிக் குதித்தேன். அப்புறம்தான் விதி ஞாபகம் வந்தது. ஒரு வீரர் ஆடவில்லை என்றால் அவருக்குப் பதில் வேறு ஒருவரை எடுக்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பெட்ராவுக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

"போச்சு! ரைலன் ஆளை மாத்திடுவான்."

"எப்படி மாத்துவான்? அவங்க பக்கம் காலையிலேர்ந்து கரண்ட் இல்லையே," என்றார் அப்பா.

ரைலன் வீட்டுக்குப் போன் செய்து பார்த்தேன். அணைந்து கிடந்தது. நல்லது, நான் முயற்சி செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. அந்தப் பக்கம் ஒருத்தன் இருட்டில் ஹெடினை நம்பி உட்கார்ந்திருக்கிறான். அவனை ஜெயித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? நிம்மதியாக ஜெயிக்கக்கூட விட மாட்டானா இவன் என்று ரைலன் மேல்தான் கோபம் வந்தது.

"அப்பா, ரைலன் வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா?"

"இந்த ரோட்டுலயா? ரெண்டு அடி வைக்க முடியாது."

"நடந்து போகல. ஸ்கேட் போட்டுக்கிறேன்."

அப்பா ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்தார். ஒரு வண்டியும் இல்லை. "ஹெல்மெட் போட்டுக்கோ. எங்கயாவது கம்பி அறுந்து தொங்கினா உடனே திரும்பிடு. இந்தா, என் போனை வச்சுக்கோ."

எங்கள் சாலை முழுக்க ஆடுகளமாகிவிட்டது! வேறொரு நாளாக இருந்தால் பாடிக்கொண்டே போயிருப்பேன். அன்று மூச்சிரைக்கச் சறுக்கிப் போனேன். மளிகைக் கடைத் திருப்பத்தில் வழுக்கி, குப்பைத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ரைலன் கையில் டார்ச்சோடு கதவைத் திறந்தான்.

"ஹெடின் ஆடல," என்றேன்.

"சும்மா புளுகாத."

"புளுகறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"ஆமா. நான் பயந்துபோய் ஹெடினை மாத்திடுவேன், அவரு எடுக்கிற புள்ளி எனக்கு வராது. நல்ல திட்டம்தான்."

திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவன் அம்மா பின்னாலிருந்து எட்டிப் படித்தார்.

"நிஜம்தான்டா. நாங்க ஏழு மணிக்கு டிரக்குல உக்காந்து ரேடியோ கேக்கலாம்னு இருந்தோம். அப்போ தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

ரைலன் போனை என் கையிலிருந்து பிடுங்கினான். "எவ்ளோ நேரம் இருக்கு?"

"பத்து நிமிஷம்கூட இல்ல."

"நல்ல ஆளுங்களை எல்லாம் யாராவது எடுத்திருப்பாங்களே! யாரை எடுக்கிறது?" அவன் என்னைப் பார்த்தான். "நீதான் எந்நேரமும் இதையே பாத்துட்டு இருக்க. நீயா இருந்தா யாரை எடுப்ப?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஹெடின் ஆடவில்லை என்று சொல்ல வந்தேன், சொல்லிவிட்டேன். அத்தோடு முடிந்ததில்லையா? கர்ட்ஸ் என்று ஒரு வயதான தடுப்பாட்டக்காரர் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு கோல் போட்டால் அதிகம். அவர் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. ரைலன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஃபின்ச்," என்றேன்.

"யாரது?"

"புதுப் பையன். இன்னிக்குத்தான் முதல் ஆட்டம். ஹெடின் இடத்துல அவனைத்தான் இறக்குறாங்க. ஹெடினுக்கு வட்டு கொடுக்கிற ரெண்டு பேரும் இன்னிக்கு அவனுக்குத்தான் கொடுப்பாங்க. சீக்கிரம் அனுப்பு!"

குளிரில் விறைத்த விரலால் ரைலன் என் அப்பாவின் போனிலேயே செய்தியைத் தட்டினான். பெட்ராவின் பதில் உடனே வந்தது: 'பதிவாகிவிட்டது. கடைசி நிமிடத்தில் உயிரை வாங்காதே.'

என் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு வீட்டில் சொல்லிவிட்டு நானும் டிரக்கில் ஏறிக்கொண்டேன். நடுவில் ரைலன், இந்தப் பக்கம் நான். ஸ்டியரிங் அருகில் அவன் அம்மா, கையில் ஃபிளாஸ்க்.

முதல் பகுதியில் ஃபின்ச்சின் பெயரே வரவில்லை. "நல்ல ஆளாப் பாத்துதான் கொடுத்திருக்க," என்று ரைலன் முணுமுணுத்தான். இரண்டாம் பகுதியில் டொரோண்டோ ஒரு கோல் போட்டது. வட்டைத் தள்ளிக் கொடுத்தது ஃபின்ச்! இப்போது நாங்கள் சமம். என் கை தானாக சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

கடைசிப் பகுதி. இரண்டு அணிக்கும் இரண்டு கோல். ஒட்டாவா நெருக்கி நெருக்கி அடித்தது. வர்ணனையாளருக்கு மூச்சு வாங்கியது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. வட்டு டொரோண்டோவிடம் வந்தது. ஃபின்ச் ஓடுகிறான், ஒருவரைத் தாண்டிவிட்டான், ஃபின்ச்...

"கோல்!"

நான் குதித்த குதியில் ஹெல்மெட் டிரக்கின் கூரையில் இடித்தது. "முதல் ஆட்டம்! முதல் கோல்! நான்தான் சொன்னேன்ல! நான்தான் சொன்னேன்ல!" என்று ரைலனின் தோளைப் போட்டுக் குத்தினேன். டொரோண்டோ ஜெயித்துவிட்டது!

ரைலன் கத்தவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஐலா, நீதான் கடைசி."

அப்போதுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. அவன் அம்மா ஹாட் சாக்லேட்டை முதலில் எனக்கு ஊற்றினார்.

"வேற யாரு பேரையாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றான் ரைலன்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"பேசாம குடிடா," என்றேன். எனக்கு அழுகை வரும்போலிருந்தது, சிரிப்பும் வந்தது.

திங்கள்கிழமை மான்ட்ரியல் ஜெர்சி என் முழங்கால் வரை தொங்கியது. வகுப்பே சுற்றி நின்று கூச்சல் போட்டது. பெட்ரா விசில் ஊதினாள். ஒவ்வொருவராக ஆரஞ்சுப் பந்தை அடித்தார்கள். பாதியைத் தடுத்தேன், பாதி வலைக்குள் போனது.

கடைசியில் ரைலன் வந்தான். எங்கள் வகுப்பிலேயே பலமாக அடிப்பவன் அவன்தான். அவன் மட்டையால் பந்தை மெல்லத் தொட்டான். அது உருண்டு உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தை எடுத்து அவனிடமே எறிந்தேன்.

"என்னடா இது? ஒழுங்கா அடி!"

"நிஜமாவா?"

"நிஜமா."

ரைலன் சிரித்தான். பின்னால் போய், மட்டையை ஓங்கி, தன் பலம் முழுவதையும் கூட்டி அடித்தான். பந்து வந்ததை நான் பார்க்கக்கூட இல்லை. என் தொடையில் பட்டுத் தெறித்து, வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

"தடுத்துட்டாடா!" என்று முதலில் கத்தியது ரைலன்தான்.

தொடையில் ஒரு வாரம் வரை நீலமாக இருந்தது. பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.