பிரியாத பெட்டிகள்

காலை பதினொரு மணிக்கு மிஷினை நிறுத்தினார்கள். அதற்குள் ஒரு பெண்ணின் வலது கையில் இரண்டு விரல்கள் போயிருந்தன.

உணவு வைக்கும் அட்டைப் பெட்டி செய்கிற கம்பெனி அது. பெரிய ஆர்டரோடு வந்திருந்தவர்கள் முன்னால் புதுப் பெட்டியை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷினில் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி வைப்பார்கள். அடியில் இருக்கும் பெட்டியை ஒரு ரப்பர் உறிஞ்சி கீழே இழுக்கும். ஓர் இரும்புக் கட்டை இறங்கி அதைத் தள்ளிவிடும். ஒவ்வொன்றாக வர வேண்டும். அன்று மூன்று நான்காகச் சேர்ந்து வந்து பாதியில் சிக்கின. மிஷின் ஓட்டிய பெண் கையை விட்டு இழுத்தாள். கட்டை இறங்கியது.

வந்தவர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஆர்டரும் அவர்களோடு போனது.

மதியம் முதலாளி போலீசில் புகார் கொடுத்தார். பெட்டியை வடிவமைத்த பெண் கம்பெனியைக் கெடுக்க வேண்டுமென்றே கெட்ட பெட்டிகளை வைத்துவிட்டாள், அவளைக் கைது செய்ய வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். விரல்களைப் பற்றி ஒரே ஒரு வரி. அதுவும் கடைசியில், இடம் மிச்சமிருந்ததால் எழுதியது போல.

அந்த வரியைத்தான் எஸ்.ஐ. இரண்டு தடவை படித்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கம்பெனி ரிசப்ஷனில் அவரைக் காக்க வைத்தார்கள். போலீசையே காக்க வைக்கிற கம்பெனி, மற்றவர்களை என்ன செய்யும்?

எதிரே கண்ணாடி அலமாரி. அதில் புதுப் பெட்டிகளின் கோபுரம் ஒன்று. ஒவ்வொரு பெட்டியின் ஒரு பக்கச் சுவரில் ஒரு நீலப் பூ. நூல் பிடித்தது போல் பூவுக்குக் கீழே பூ. எஸ்.ஐ. மேல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மொத்தக் கோபுரமும் கையோடு எழும்பியது.

"மேடம், மேடம்! அதத் தொடாதீங்க!" ரிசப்ஷன் பெண் பதறினாள். "கலைஞ்சா ஐயா சத்தம் போடுவார்."

"எங்க கலையுது?" என்று சொல்லி எஸ்.ஐ. கோபுரத்தைத் திரும்ப வைத்தார்.

முதலாளியின் அறை சுத்தமாக இருந்தது, யாரும் வேலை செய்யாத இடம் போல. மேசையில் மூன்று தண்ணீர் பாட்டில்கள். பேசிக்கொண்டே அவற்றின் லேபிள்கள் முன்னால் தெரியும்படி ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"பெட்டி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"மாடில, சாம்பிள் ரூம்ல. பூட்டித்தான் இருக்கும். ரெண்டு சாவி. ஒண்ணு அந்தப் பொண்ணுகிட்ட. இன்னொண்ணு என்கிட்ட. என்னுது இந்த டிராயரை விட்டு வெளிய போகல. நான் அந்த ரூம் பக்கம் போயே ஒரு வாரம் ஆச்சு."

"அவளுக்கு உங்க மேல என்ன கோபம்?"

"திமிர் மேடம், வேற என்ன? வர்றவங்க முன்னாடி அவளே நின்னு விளக்கணுமாம். இது எங்க கம்பெனிப் பெட்டி, நான் பேசிக்கிறேன், நீ மாடிலயே இருன்னேன். அவ குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்சவ அவ ஒருத்திதான். கால்ல ஒட்டின தூசியே இன்னும் போகல, அதுக்குள்ள மேடை கேக்குது."

எஸ்.ஐ.யின் குடும்பத்திலும் அப்படித்தான். அதை அவர் சொல்லவில்லை.

"சிக்கின பெட்டிங்க எங்க?"

"ரத்தம் பட்டதை யாராவது வச்சிருப்பாங்களா? மேனேஜர் அரைக்க அனுப்பிட்டார்."

மேசை மேல் கிடந்த எஸ்.ஐ.யின் தொப்பி முதலாளியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் கை நீட்டி அதன் முத்திரையை நேராக்கினார். எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் பின்கட்டில், கழிவட்டை அரைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாத்தையும் அரைச்சாச்சா?"

"ஆச்சு. மிஷின்ல இருந்தது, பக்கத்து மேசைல ரெடியா வச்சிருந்த அடுக்கு, ரெண்டும்."

"மேசைல இருந்ததுலயும் ரத்தம் பட்டுச்சா?"

மேனேஜர் தன் செருப்பைப் பார்த்தார். "இல்ல."

"அப்புறம் ஏன்?"

"எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டுன்னு..."

"யார் சொன்னா?"

"நான்தான்."

"நீங்க டிசைன் பண்ணின பெட்டியத் தள்ளிட்டுத்தான் அந்தப் பொண்ணு பெட்டிய எடுத்தாங்கன்னு ஆளுங்க சொன்னாங்களே?"

மேனேஜருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆமா, தள்ளினாங்க. ஒரு மாசம் தூக்கம் வரல. அதுக்காக? அடிபட்ட அந்தக் கையால போட்ட டீயத்தான் மேடம் நான் தினம் குடிச்சேன். அந்த விரலை நசுக்குவேனா?"

பொய்யும் உண்மையும் ஒரே வாயிலிருந்து அடுத்தடுத்து வந்தன. எது எது என்று எஸ்.ஐ.க்குத் தெரிந்துவிட்டது.

சாம்பிள் ரூமில் வடிவமைத்தவள் சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை என்பதால் இல்லை, உட்கார முடியவில்லை. கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டிசைன்' என்பார்கள். டிசைன் வந்துட்டா, டிசைனுக்கு டீ வேணுமாம்.

"மிஷின் ஓட்டினவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"என் அண்ணி." குரல் உடையாமல் இருக்கப் பல்லைக் கடித்தாள். "அண்ணன் வீட்லதான் இருக்கேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'உன் பெட்டிதான்னு முதலாளியே சொல்லிட்டார், இனி வீட்டுப் பக்கம் வராதே'ன்னுட்டான் அண்ணன். அண்ணி கண்ணையே திறக்கல. என்னைப் பாக்கப் பிடிக்கலயோ, வலியோ, தெரியல. மேடம், என் பெட்டி ஒட்டாது. நேத்து அண்ணியேதான் ஓட்டிப் பாத்தாங்க. சரசரன்னு வந்துச்சு."

"இன்னைக்கு ஏன் வரல?"

"யாரோ குமிழை நசுக்கியிருக்கணும்." மிச்சமிருந்த ஒற்றைப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். "பூ இருக்கிற சுவர்ல மட்டும் ரெண்டு குமிழ். வெளியிலருந்து அழுத்தினது. வெளிய பள்ளம், உள்ள மேடு. மேல உட்கார்ற பெட்டி இந்த மேட்டுல இடிச்சு நிக்கும். நடுவுல துளி இடைவெளி. காத்து நுழையும். காத்து நுழைஞ்சா பிரியும், இல்லன்னா அட்டையோட அட்டை கவ்விக்கும். அதுக்காகத்தான் அடுக்கும்போது..."

"பாடம் அப்புறம். காலைல ரூமைத் திறந்தது யாரு?"

எஸ்.ஐ. அவளை முடிக்கவிடவில்லை. படித்த பெண் பேச ஆரம்பித்தால் நடுவில் வெட்டுவது எல்லாருக்கும் வந்துவிடுகிற பழக்கம், போலீஸ் பெண்ணுக்கும்.

"நான்தான். பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. அடுக்கெல்லாம் நேத்து நான் தள்ளுவண்டியில வச்சுத் துணி போர்த்தினது. துணியும் அப்படியே இருந்துச்சு. சொல்லப்போனா நான் போர்த்தினதவிட நேரா இருந்துச்சு, மூலைக்கு மூலை. அப்படியே ஆளுங்க தள்ளிட்டுப் போனாங்க. என்னைக் கீழ வராதேன்னுட்டாங்க."

எஸ்.ஐ.யின் பேனா நின்றது. "நேராவா?"

"ஆமா."

"ரிசப்ஷன்ல ஒரு கோபுரம் இருக்கே, அது நீ வச்சதா?"

"ரிசப்ஷன்லயா?" அவளுக்கு விளங்கவில்லை. "நாங்க பின்வாசல் மேடம். முன்வாசல் ஐயா குடும்பத்துக்கும் வர்றவங்களுக்கும்தான். அங்க என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"வா என்கூட."

முன்பக்கப் படியில் அவள் இறங்கியது அதுதான் முதல் தடவை. ரிசப்ஷன் பெண் வாயைத் திறந்தாள். எஸ்.ஐ. பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

கோபுரத்தைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றாள். காது மடல் சிவந்தது.

"இத எவன் அடுக்கினான்?"

"ஏன், அழகாத்தானே இருக்கு?" என்றாள் ரிசப்ஷன் பெண்.

"அழகு!" கோபுரத்தை வாரி எடுத்தாள். நகத்தை விட்டு நெம்பி, மேல் பெட்டியைக் கிழியாமல் பிய்த்தாள். பூ பின்பக்கம் போகும்படி அதைத் திருப்பி வைத்தாள். பிறகு இரண்டே விரலால் தூக்கினாள். அந்த ஒரு பெட்டி மட்டும், காகிதம் போல, மேலே வந்தது.

"மேடம், எல்லாப் பூவும் ஒரே பக்கம் பாத்தா, கீழ்ப் பெட்டியோட மேடு மேல் பெட்டியோட பள்ளத்துல போய் உக்காந்துக்கும். இடைவெளியே இருக்காது. ஒண்ணு விட்டு ஒண்ணு திருப்பி அடுக்கினா மேட்டுக்கு எதிர்ல வெறும் சுவர். அதுல இடிச்சு நிக்கும். நான் அப்படித்தான் அடுக்கி வச்சேன். ஒவ்வொரு பெட்டியா, என் கையால."

"நேரா அடுக்கினாலே கெட்டுப்போற பெட்டிய ஏன்மா செஞ்ச?"

"நானா?" குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "ரெண்டு அச்சு கேட்டேன். ஒண்ணுல குமிழ் ஓரத்துல, இன்னொண்ணுல நடுவுல. மாத்தி மாத்தி வந்தா பூவும் ஒரே பக்கம் நிக்கும், பெட்டியும் பிரியும். ஒரு அச்சுல முடி, ரெண்டுக்கெல்லாம் செலவு பண்ண முடியாதுன்னாங்க. முடிச்சேன். திருப்பித் திருப்பி அடுக்கணும்னு ஐயா முன்னாடிதான் சொன்னேன். அவர் அப்ப மேசையில பேனாவ வரிசையா வச்சிட்டிருந்தார். தலையாட்டினார்."

எஸ்.ஐ. ரிசப்ஷன் பெண்ணிடம் திரும்பினார். "இத இங்க வச்சது யாரு?"

அவள் குரல் இறங்கியது. "ஐயாதான். இன்னைக்குக் காலைல, வேற யாரும் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. மாடிலருந்து அவரே தூக்கிட்டு வந்தார்."

முதலாளியின் அறைக்குள் எஸ்.ஐ. தட்டாமல் நுழைந்தார். பின்னால் மேனேஜர். அவருக்கும் பின்னால், கையில் கோபுரத்தோடு வடிவமைத்தவள்.

"ஒரு வாரமா அந்த ரூம் பக்கம் போகலன்னீங்க. பூட்டின ரூம்ல இருந்த பெட்டி காலைல ரிசப்ஷனுக்கு எப்படி வந்துச்சு?"

முதலாளி ஒரு பாட்டிலை மற்ற இரண்டோடு வரிசையாக நகர்த்தினார்.

"நான் சொல்றேன். கடைசியா ஒரு தடவை பாக்கலாம்னு மாடிக்குப் போனீங்க. துணியத் தூக்கினா பூ ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். உங்களுக்கு அது பொறுக்காது. உக்காந்து எல்லாத்தையும் ஒரே பக்கமாத் திருப்பினீங்க. கொஞ்சத்தக் கையோட எடுத்துட்டு வந்து கண்ணாடி அலமாரில வச்சீங்க. துணிய மூலைக்கு மூலை போத்திட்டு வந்தீங்க. யாருக்கு லாபம்னு தேடிக்கிட்டிருந்தேன். லாபம் யாருக்குமில்ல. சும்மா இருக்காத கை ஒண்ணு செஞ்ச வேலை."

"நேரா அடுக்கறது ஒரு குத்தமா?" என்றார் முதலாளி.

"அது குத்தமில்ல. பெட்டி சிக்கினதும் இவ சொன்னது உங்களுக்கு ஞாபகம் வந்துச்சு. ஒருத்தி ரத்தத்தோட கிடக்கறா, நீங்க அடுக்கை அழிக்கச் சொன்னீங்க. ரத்தம் படாத பெட்டியையும் சேத்து. அப்புறம் இவள உள்ள தள்ளப் புகார் எழுதினீங்க. அது குத்தம். ரிசப்ஷன்ல இருந்தத மட்டும் விட்டுட்டீங்க. அழகா இருந்ததால அது ஆதாரம்னு உங்க கண்ணுக்குப் படல."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஐயாதான் போன் பண்ணி அரைக்கச் சொன்னார் மேடம். நான் பொய் சொல்லிட்டேன்."

"அவ மிஷினை நிறுத்தியிருக்கலாமே!" முதலாளி மேசையில் அடித்தார். பாட்டில் ஒன்று சாய்ந்தது. முதல் தடவையாக அவர் அதை நிமிர்த்தவில்லை. "சிவப்பு பட்டன் எதுக்கு இருக்கு? ஓடற மிஷின்ல கைய விட்டது அவ தப்பு!"

வடிவமைத்தவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அவ இல்ல. எங்க அண்ணி."

"அதையும் கேட்டுடலாம்," என்றார் எஸ்.ஐ.

ஆஸ்பத்திரி வார்டு வாசலில் அண்ணன் வழி மறித்தான். எஸ்.ஐ. நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவன் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியாமல் விலகி நின்றான். அவளும் அவனைப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் இன்னும் நாளாகும்.

அண்ணி விழித்திருந்தாள். கை முழுக்கக் கட்டு. எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"என்னடி, உன் பெட்டி பாஸா, ஃபெயிலா?"

"பாஸ் அண்ணி."

"அப்புறம் நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? விரல் போனது எனக்கு."

அப்போதுதான் அவள் அழுதாள். அண்ணி இடது கையால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மெதுவாக இல்லை.

எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மிஷினை ஏம்மா நிறுத்தல?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்தினான். "விட்ருங்க மேடம். நாளைக்கு அதே கம்பெனிக்குத்தான் இவ வேலைக்குப் போகணும்."

"எந்தக் கையோட?" என்றாள் அண்ணி.

அவன் கட்டிலை விட்டு ஒதுங்கி ஜன்னலோரம் போனான்.

"எழுதிக்கோங்க மேடம். சிக்கின உடனே பட்டன் மேல கை வச்சேன். ஐயா பின்னாடிதான் நின்னார். 'நிறுத்தாதே, ஆளுங்க பாக்கறாங்க, கையால எடுத்துவிடு'ன்னார். அங்க இருந்த அத்தனை பேர் காதுலயும் விழுந்துச்சு. ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்."

எஸ்.ஐ. எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். "நான் மிஷினை நிறுத்தப் போனபோது, நிறுத்த வேண்டாம் என்று முதலாளி சொன்னார்..."

"சொன்னார் இல்ல." அண்ணி எழ முயன்றாள். வடிவமைத்தவள் முதுகுக்குக் கை கொடுத்துத் தாங்கினாள். "சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். கத்தினார். கத்தினார்னு எழுதுங்க."

எஸ்.ஐ. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, கத்தினார் என்று எழுதினார்.