உறவினர் உண்டா?

அழியப்போகும் ஊர்களுக்கான டெண்டர் உறைகளைத் திங்கட்கிழமைகளில் பிரிப்பார்கள். செவ்வாயின் நிலவான போபோஸில், வடக்கு அரசும் தெற்கு அரசும் சேர்ந்து நடத்திய மறுகட்டுமான அலுவலகத்தில் அது காலைத் தேநீரைப் போலச் சாதாரணமானது.

இரு அரசுகளுக்கும் இடையே பதினேழு ஆண்டுகளாகப் போர் நடந்தது. அதை நிறுத்த முடியாத நல்லவர்கள் சிலர், போரில் கொஞ்சமாவது மனிதத்தன்மை இருக்கட்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த ஊரையும் தாக்கும் முன், அதைத் திரும்பக் கட்டித்தரும் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் குண்டு இல்லை.

பூங்கோதை பதினோரு ஆண்டுகளாக அந்தக் கையெழுத்தைப் போட்டுவந்தாள். ஊர்களைக் கட்டுகிறவள் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். ஒப்பந்தக்காரர் யாரிடமும் ஒரு வாய் காபி வாங்கிக் குடித்ததில்லை.

அன்று வந்தது நீள்பள்ளம் என்ற ஊரின் கோப்பு. மீளெழு நிறுவனத்தின் சேத மதிப்பீடு வழக்கம்போல் துல்லியமாக இருந்தது. இரு படைகளுக்கும் குண்டுகளைக் கொண்டுசேர்க்கும் ஒப்பந்தமும் அதனிடமே இருந்ததால், எந்தச் சுவர் விழும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். ஒருமுறை பூங்கோதை இதைக் கேள்வியாக எழுதி அனுப்பினாள். டெண்டர்களைச் சீர்தூக்கும் இயந்திரமான ஒப்பாய்வி, அதை முன்னனுபவம் என்று எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தது.

பக்கங்களைப் புரட்டினாள். பள்ளிக்கூடம், பாதிச் சேதம். மயானம், இருநூற்றுப் பத்துப் பேருக்கு விரிவாக்கம். ஏழாம் தெரு, முப்பத்தொரு வீடுகள், முழுச் சேதம்.

ஏழாம் தெருவில் அவள் தம்பி நன்மாறன் குடியிருந்தான்.

'இவ்வூரில் உறவினர் உண்டா?' என்று திரை கேட்டது. எல்லாக் கோப்பிலும் கேட்பதுதான். உண்மையையே சொல்லிப் பழகிய விரல், மனம் யோசிக்கும் முன்பே 'உண்டு' என்பதைத் தொட்டுவிட்டது.

கோப்பு மறைந்தது. உறவுள்ளவர் கையெழுத்திடக் கூடாது என்பது நேர்மை விதி. 'இல்லை' என்று தொட்டிருந்தால் அது அவளிடமே இருந்திருக்கும். விளக்கம் கேட்டுக் கேட்டே மாதக்கணக்கில் இழுத்திருக்கலாம். அது அவளுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

தம்பியை அழைத்தாள். டெண்டர் அலுவலர்களின் நாக்கடியில் ரகசியச் சில்லு ஒன்று உண்டு. கோப்பில் இருப்பதை வெளியாளிடம் சொல்லப்போனால் நாக்கு மரத்துவிடும். 'கிளம்பி வா' என்ற இரண்டு சொல்லுக்கும் அது மரத்தது.

அவனே பேசினான். வீட்டுக்கு வெள்ளையடித்ததைச் சொன்னான். மகளுக்குப் பல் முளைத்ததைச் சொன்னான்.

"என்னக்கா, லைன்ல இருக்கியா? சரி, வேலையா இருப்ப. அப்புறம் கூப்பிடு."

கோப்பு பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. அங்கிருந்த தெய்வசிகாமணியும் அவளைப் போலவே கை சுத்தமானவர். கொஞ்ச நாள் தள்ளிவைக்கும்படி அவரிடம் கேட்டாள்.

"என்ன காரணம் எழுதட்டும், மேடம்?" என்றார். குரலில் கேலி இல்லை. "தம்பி இருக்கான்னா? அதுக்காகத்தானே உங்ககிட்டேருந்து எடுத்தாங்க."

மதியம் வரை வரி விடாமல் படித்துக் கையெழுத்திட்டார். பிறகு அவள் மேசையருகே வந்து நின்றார்.

"ஏழாம் தெரு முழுக்க ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் போடணும்னு சேர்த்துட்டேன். என்னால ஆனது."

அவள் திரையில் அடுத்த கோப்பு வந்து காத்திருந்தது: செங்கரை. காலையில் தெய்வசிகாமணியிடம் வந்து, அவர் 'உண்டு' என்று தொட்டதால் அவளுக்கு மாறியது. அங்கேதான் அவருடைய அம்மா தனியாக இருந்தாள். அவரும் திரையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இதையாவது இழுத்தடிக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். என் தம்பிக்கு இவர் எழுதாத காரணத்தை இவர் அம்மாவுக்கு நான் ஏன் எழுத வேண்டும் என்று அடுத்த கணம் தோன்றியது. கோப்பைப் படித்தாள். குறை எதுவும் இல்லை.

"அம்மாவுக்கு முட்டி வலின்னு சொல்வீங்களே," என்றாள். "வாசப்படிக்குக் கைப்பிடி சேர்த்திருக்கேன்."

"ரொம்ப நன்றி மேடம்."

அவள் கையெழுத்திட்டாள். செங்கரையில் அவளுக்கு யாரும் இல்லை.