கதவில் கட்டிய குரல்

இரண்டாவது முறை கூப்பிட்டபோதும் தம்பி பேச்சின் அதே இடத்தில்தான் இருமினான்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா." ஒரு சின்ன இருமல். "நீ போய் உன் வேலையப் பாரு."

கையில் சாப்பாட்டுத் தட்டோடு அவள் மூடிய கதவின் முன் நின்றாள். பட்டப்பகல், மணி பதினொன்று. ஜன்னல் வழியே கூடத்தில் வெயில் விழுந்து கிடந்தது. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் கடகடவென்று சுற்றி ஓய்ந்தது. காலடியில் நேற்று வைத்த தட்டிலிருந்து புளித்த வாடை கிளம்பி, கதவின் பெயின்ட் வாடையோடு கலந்து மூக்கில் ஏறியது.

தம்பி அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு மூன்று மாதம் ஆகிறது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன். முதலில் சாப்பிட மட்டும் கதவைத் திறந்தான். பிறகு யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டான். இரண்டு நாளாகத் தட்டு வைத்தது வைத்தபடி இருக்கிறது. "அவன் வாய் செத்த புள்ள. நச்சரிக்காத, தானா வெளிய வருவான்," என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு வீடியோ கேமுக்கு வசனம் எழுதும் வேலை. இப்போது எழுதும் கேமில், மனம் உடைந்த ஒரு பையன் அறைக்குள் அடைந்து கிடக்கிறான். விளையாடுகிறவர் அவனுடைய அக்காவாக நின்று பேசிப் பேசி அவனை வெளியே கொண்டுவரப் பார்க்க வேண்டும். என்ன பேசினாலும் கதவு திறக்காது, கதையே அதுதான். பையனுக்கு எத்தனை முறை மாற்றி எழுதியும் வசனம் பொய்யாகவே ஒலித்தது. ஒருநாள் அவள் தன் போனை இந்தக் கதவிடுக்கில் வைத்து, தம்பி பேசியதைப் பதிவு செய்து ஆபீசுக்கு அனுப்பினாள். பதினொரு வசனம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆபீசில் எல்லாரும் உருகிப்போனார்கள். நடிகரே வேண்டாம், இந்தக் குரலே இருக்கட்டும் என்றார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று பிறத்தியாரைச் சொல்வார்கள். அவள் சொந்த வீட்டிலேயே பிடுங்கிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. பாராட்டு இனிக்கவும் செய்தது.

"டேய், கதவத் தொற. எனக்குப் பயமா இருக்குடா."

"அப்புறமா சாப்பிடறேன். வெச்சிட்டுப் போ."

இதுவும் அந்தப் பதினொன்றில் ஒன்று. 'போ' என்பதில் அதே களைப்பு, அதே இழுவை. விஷயம் தெரிந்துபோய், அந்தப் பதிவையே போட்டுக் காட்டிப் பழிவாங்குகிறான் என்று நினைத்தபோது அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. கோபம் இருக்கிறதென்றால் உயிர் இருக்கிறது.

"நான் செஞ்சது தப்புதான்டா. உன்னக் கேட்டிருக்கணும். திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு, வாங்கிக்கறேன்."

"தல வலிக்குது. லைட்ட அணைச்சிடு."

லைட் எதுவும் எரியவில்லை.

கதவில் காதை ஒட்டவைத்தாள். அறைக்குள் எந்தச் சத்தமும் இல்லை. ஃபேன் ஓடும் சத்தம்கூட இல்லை. அடுத்த வசனம் வந்தபோது பலகை அவள் கன்னத்தில் அதிர்ந்தது. குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கதவிலிருந்தே வந்தது.

ஆபீஸ் சவுண்ட் இன்ஜினியரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தப் பையன் பேசறப்ப, கேமுக்குள்ள அவன் எங்க இருப்பான்?"

"எங்கயும் இல்லம்மா. தொறக்காத கதவுக்குப் பின்னாடி ரூம் எதுக்கு, ஆள் எதுக்கு? குரலக் கதவுலயே கட்டி விட்டிருக்கோம். பேச்சு தீந்துபோனா முதல்லேர்ந்து திரும்ப ஓடும்." சிரித்தார். "நேத்து நீ அனுப்பினதத்தான் இப்பக் கேட்டுக்கிட்டிருக்கேன். பன்னெண்டாவது."

"நான் எதுவும் அனுப்பலையே."

"உன் நம்பர்லேர்ந்துதான் வந்துச்சு. அதுல பேச்சே இல்ல. யாரோ உள்ளேர்ந்து கதவத் தட்டறாங்க. தட்டிக்கிட்டே இருக்காங்கம்மா, ஒரு மணி நேரமா. கேக்கவே என்னமோ பண்ணுது."

அவள் போனை வைத்தாள். நேற்று முழுக்க இந்தக் கூடத்தில்தான், இந்தக் கதவுக்கு எதிரில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டல்கூட அவள் காதில் விழவில்லை. இடையிடையே அந்த அமைதியான குரலைக் கேட்டு, சரி, பேசுகிறானே என்று ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தாள்.

பரணில் சுத்தியல் இருந்தது. எடுத்தாள்.

தாழ்ப்பாள் இருக்கும் இடம். ஓர் அடி.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா."

இன்னோர் அடி. பலகை பிளந்தது.

"நீ போய் உன் வேலையப் பாரு."

உள்ளங்கை உரிந்தது. அவள் நிறுத்தவில்லை. இன்னும் ஓர் அடி. இன்னும் ஒன்று. பிளவில் விரலை விட்டு இழுத்தாள். கீல் பெயர்ந்து, கதவு அப்படியே கூடத்தில் வந்து விழுந்தது. உள்பக்கம் மேலே தெரிந்தது. முஷ்டி படும் உயரத்தில் பலகை முழுக்க ரத்தம். பழையது கறுத்திருந்தது. புதியது இன்னும் ஈரம்.

தம்பி அறை வாசலிலேயே நின்றான்.

உயிரோடு இருந்தான். எலும்பும் தோலுமாக. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். ஐயோ, இருக்கிறான், இருக்கிறான் என்று அழுதாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். வாய் பிளந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்திக்கொண்டிருந்தான். சத்தம் இல்லை. அவன் தொண்டையில் கை வைத்தாள். சூடு இருந்தது. அதிர்வு இல்லை.

உதடுகள் ஒரே சொல்லுக்குத்தான் அசைந்தன. அக்கா. அக்கா. அக்கா.

"சொல்லுடா," என்றாள். "என்னடா வேணும், சொல்லு, கேக்கறேன்."

காலடியில் கிடந்த கதவு, பொறுமையாக, அடுத்த வசனத்தைச் சொன்னது. தம்பி அவள் தோள்களைப் பிடித்து உலுக்கினான். அவள் முகத்துக்கு நேராக, மூச்சு முகத்தில் அறைய, சத்தமே இல்லாமல் அலறிக்கொண்டிருந்தான்.