அள்ளி வைக்காத சோறு

பசறையைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் ஏறும்போது காலை பதினொரு மணி இருக்கும். ஜனுஷனின் பழைய மொறிஸ் மைனர் கார் வளைவுக்கு வளைவு முனகிக்கொண்டு ஏறியது. பக்கத்தில், மடியில் வரைபடத்தை விரித்தபடி விஜேந்திரன். அடுத்த மாதம் கொழும்பிலிருந்து முப்பது பழைய கார்கள் ராலியாக ஊவா மலைகளைச் சுற்ற வருகின்றன. முதல் நாள் பசறைப் பக்கம், மறுநாள் ஹாலிஎல வழியாக வெலிமடை. எங்கே தேநீர், எங்கே படம் எடுப்பது, எங்கே சாப்பாடு என்று குறித்துக் கொடுப்பது விஜேந்திரனின் வேலை. பதுளையில் சின்னக் கராஜ் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் லேசில் கிடைக்கிற வாய்ப்பா? முதல் காரின் முன் சீட்டில் வழிகாட்டியாக அவன்தான் என்று ராலியை நடத்தும் ஜனுஷன் வாக்குக் கொடுத்திருந்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் இடம் அமையவில்லை. முப்பது கார்களை நிறுத்த மட்டமான நிலத்துக்கு மலையில் எங்கே போவது? பாதை பிரிந்த இடத்தில் இடப்பக்கம் போகலாம் என்று விஜேந்திரன் இரண்டு முறை சொன்னான். ஜனுஷன் கேட்காமல் வலப்பக்கம் திருப்பினார். நாலு வளைவு கழித்து அவராகவே பிரேக்கை மிதித்தார்.

தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத புல்வெளி. அதன் விளிம்புக்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் கிடந்தது.

"இதை விட்டுட்டு எங்கெல்லாம் தேடினோம்" என்றார் ஜனுஷன்.

விஜேந்திரனுக்கு அந்த இடம் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் அங்கே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த ஒரு லயம் இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு காலை மலை இறங்கி வந்து பன்னிரண்டு வீடுகளையும் மூடிவிட்டது. சிலரைத் தோண்டி எடுத்தார்கள். மற்றவர்களை அப்படியே விட்டார்கள். அப்படி விடப்பட்டவர்களில் ஒருத்தி அவனுடைய அக்கா சிவசக்தி. தாயில்லாத அவனை வளர்த்தவள். அன்று விடியலில் வேலைக்குக் கிளம்பியவனுக்குத் தன் பங்கு ரொட்டியையும் சேர்த்து அழுத்தி அழுத்திக் கட்டிக் கொடுத்து, மிச்சம் வைக்காம சாப்புடு என்று அனுப்பியவள். வெறும் வயிற்றோடுதான் மண்ணுக்குள் போனாள்.

தோட்டத்துச் சனங்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. சோற்றோடு அந்த வழி வருகிற எவரும் முதல் பிடியை அள்ளி, அங்கிருக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவார்கள். அடியில் கிடப்பவர்கள் பசியோடு போனவர்கள் அல்லவா.

அன்றும் கல்லின் மேல் வாழையிலைத் துண்டில் சோறு இருந்தது. முந்தின நாள் மழையில் ஊறிப் புளித்து, நுரைத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. ஜனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ, என்ன அசிங்கம். ஆட்கள் வந்து சாப்பிடுற இடம். தள்ளி விடுங்க விஜேந்திரன்."

அக்கா இங்கேதான் கிடக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முன் சீட்டு அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. சப்பாத்துக் காலால் இலையைத் தள்ளினான். அது பள்ளத்தில் விழுந்து சதக்கென்று ஒட்டிக்கொண்டது. நீயும் ஒரு மனுசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

பசறையில் வாஹித் கடையில் வாங்கிய இரண்டு சோற்றுப் பார்சல்களோடு புல்லில் உட்கார்ந்தார்கள். ஜனுஷன் கோழிக்காலைக் கடித்து இழுத்தார். அவர் விரலிடுக்கில் எண்ணெய் வழிந்தது. விஜேந்திரன் கல்லை ஒரு தரம் பார்த்தான். பிறகு முதல் பிடி வைக்காமலே தன் பார்சலைப் பிரித்தான்.

சோற்றின் நடுவில் ஒரு குழி.

யாரோ ஒரு பிடி அள்ளியிருந்தார்கள். குழியின் ஓரத்தில் சேறு படிந்த நான்கு விரல் தடங்கள். நடுவிரல் தடம் மட்டும் பாதியில் நின்றது.

சிவசக்திக்கு நடுவிரல் பாதிதான். புல் வெட்டும்போது கத்தி கொண்டுபோனது.

கடைக்காரன் செய்த வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜனுஷன் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு வாய் வைத்தான். மண் ருசித்தது. நாக்கின் மேல் வழுவழுவென்று ஏதோ புரண்டது. பல்லுக்கிடையில் அது வெடித்து, வாய் முழுக்க வெதுவெதுப்பாக நிறைந்தது.

துப்பினான்.

கொழுத்த அட்டை. இரண்டு துண்டான பிறகும் சிவப்பான சோற்றில் நெளிந்துகொண்டிருந்தது.

காருக்குத் திரும்பியபோது பின் சீட்டிலிருந்து நனைந்த கம்பளியின் நாற்றம் வந்தது. மழையில் கொழுந்து பறித்துவிட்டு, தலையில் போட்ட கம்பளியோடு அக்கா வீட்டுக்கு வரும்போது வீசுகிற அதே நாற்றம். பதுளை வரும்வரை அவன் பின்னால் திரும்பவே இல்லை.

இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. எத்தனை தரம் கொப்பளித்தும் வாயில் இரத்தக் கவிச்சை. மூன்றாம் நாள் மனைவி நிஷாந்தினியிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"கட்டிக் குடுத்த கைங்க அது. அதுக்கு வச்ச சோத்தையா ஒதைச்சீங்க?"

உடனே ஜனுஷனுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னான். அவர் அன்றே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். சாப்பாடு பசறைக்கு இந்தப் பக்கம் ஒரு மைதானத்துக்கு மாறியது. விஜேந்திரன் தனியாகப் போய்க் கல்லைக் கழுவி, புது இலை போட்டுச் சோறு வைத்து அழுதான். சாயங்காலம் வரை அங்கேயே காத்திருந்தான். காகம்கூட அதைத் தொடவில்லை.

ராலி நாளில் முப்பது கார்களும் பளபளவென்று மைதானத்தில் வரிசையாக நின்றன. வாஹித் கடையிலிருந்து வந்த பார்சல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பிரித்தவர்களின் பேச்சும் சிரிப்பும் ஒவ்வோர் இடமாக நின்றுபோயின.

ஒவ்வொரு பார்சலிலும் ஒரு குழி.

ஒவ்வொரு குழியிலும் நான்கு விரல். நடுவிரல் பாதி.

ஒருவர் வாந்தியெடுத்தார். ஜனுஷன் வெளுத்த முகத்தோடு விஜேந்திரனைத் தேடினார். விஜேந்திரன் முதல் காரின் கதவருகே நின்றிருந்தான். அவன் ஆசைப்பட்ட முன் சீட்டில் ஒரு பார்சல் இருந்தது. அவன் வைத்ததல்ல. மற்றவற்றைவிட மூன்று மடங்கு புடைத்து, கீழே சேற்றுத் தண்ணீர் கசிந்தது.

பிரித்தான். அத்தனை பேருடைய பிடிச் சோறும் அதற்குள் இருந்தது. சேற்றோடு பிசைந்து, அழுத்தி அழுத்திக் கட்டியிருந்தது. இடையிடையே கறுப்பாக நெளிந்தது.

இன்னும் அவனுக்குத்தான் கட்டித் தருகிறாள்.

அழுகையும் அருவருப்பும் ஒன்றாக வந்தன. சீட்டில் உட்கார்ந்து பார்சலை மடியில் வைத்தான். ஆளில்லாத பின் சீட்டு மெல்ல அழுந்திக் கிறீச்சிட்டது. நனைந்த கம்பளி நாற்றம் அவன் பிடரிவரை வந்தது.

"மிச்சம் வைக்காம சாப்புடு."

விஜேந்திரன் ஒரு பிடி அள்ளினான். அது விரல்களுக்கிடையில் நெளிவதைப் பார்த்தபடியே வாயைத் திறந்தான்.