மஞ்சள் தாளின் கீழ்ப்பாதி

அம்மாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும்.

அம்மா அந்தத் தெருவின் சுகாதாரப் பணியாளர். தொற்றுநோய் பரவத் தொடங்கியதிலிருந்து, வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் யாருக்காவது உண்டா என்று கேட்பதுதான் அவர் வேலை. காய்ச்சல் என்றால் பரிசோதனை. தொற்று உறுதியானால் வாசற்கதவில் ஒரு மஞ்சள் தாள்: ‘தொற்று உள்ள வீடு. உள்ளே வராதீர்கள்.’

நோயைவிட அந்தத் தாளுக்குத்தான் எல்லாருக்கும் பயம்.

“எங்க வீட்ல எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்!” என்பார் மாடி வீட்டு அத்தை, கேட்பதற்கு முன்பே. உள்ளேயிருந்து யாரோ லொக்கு லொக்கென்று இருமுவார்கள்.

“அது யாரு?”

“அதுவா? டிவி.”

மகள் குருவி இதையெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வாய் ஓயாமல் பேசுவதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து பேச ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

“பொய்னு தெரியுதுல்ல? கதவைத் தள்ளித் திறந்து பாத்துடும்மா.”

“கதவைத் திறந்துடலாம். வாயைத் திறக்க வைக்கணுமே,” என்றார் அம்மா. “மூச்சு முட்டின பிறகுதான் கூப்பிடறாங்க. அப்ப லேட்டாயிடுது.”

அம்மாவின் பெரிய கவலை எதிர்வீட்டுத் தையல்கார மாமா. தனியாக இருப்பவர். சில நாட்களாக அவருடைய மிஷின் ஓடவில்லை. அம்மா கதவைத் தட்டினால், “தைக்கத் துணி வரலம்மா, அதான்,” என்று உள்ளிருந்தே பதில் வரும். ஜன்னல் வழியே பார்த்தால், தைக்காத துணி மலை போலக் குவிந்து கிடக்கும்.

அந்த வாரம் குருவிக்கே காய்ச்சல் வந்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். தொற்றுதான்.

அம்மா பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தார்.

“நம்ம வீட்டுக்குமா?” குருவி போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “வேணாம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மா சிரிக்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

குருவி அதை வாங்கி, எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தாள்.

“என்ன செய்யக் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு. என்ன செய்யலாம்னு இல்லையே?”

“அதுக்கு?”

குருவி பேனாவை எடுத்தாள். அச்சுக்குக் கீழே நெருக்கி நெருக்கி எழுதினாள்:

‘உள்ளே இருப்பது குருவி. சாப்பாடு இருக்கிறது. பேச ஆள் இல்லை. தெருவில் நின்று விடுகதை போடலாம். விடை தெரியாவிட்டால் கேலி செய்யக் கூடாது.’

அம்மா சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

“அச்சடிச்சதை அழிச்சாளா?”

“இல்ல சார்.”

“அப்ப ஒட்டுங்க.”

ஒட்டினார். மகளுடன் அவரும் வீட்டுக்குள் அடைந்தார். அவருக்குப் பதில் வேறொரு பணியாளர் வரத் தொடங்கினார்.

முதல் நாள் குருவி அதை ஜன்னலிலிருந்து உரக்கப் படித்துக் காட்டியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் மாலை எதிர்வீட்டு ஜன்னல் கிறீச்சிட்டது.

“ஏய் குருவி! நாள் பூரா ஓடும், இருந்த இடத்தை விட்டு நகராது. என்ன அது?” குரல் கரகரத்தது.

“தையல் மிஷின்! இதெல்லாம் ஒரு விடுகதையா மாமா?”

“உனக்கு எதிர்ல வச்சுக்கிட்டே கேட்டது என் தப்புதான்.” மாமா சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. வெகுநேரம் இருமினார்.

“ஆனா உங்க மிஷின் ஓடலையே மாமா?”

குருவி, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, பேசாமல் காத்திருந்தாள்.

“உங்கம்மாகிட்ட இன்னொரு தாள் இருக்கா?” என்று கேட்டார் மாமா. “கீழ எழுத இடம் இருக்கணும்.”

அம்மா அடுத்த நொடி போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. பரிசோதனையில் மாமாவுக்கும் தொற்று என்று தெரிந்தது. அவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்த புதுப் பணியாளர், “ஆக்சிஜன் குறைவா இருக்கு. இன்னிக்கே சொன்னது நல்லதாப் போச்சு. ஏறுங்க,” என்றார்.

“இருங்க. எழுதிட்டு வரேன்.”

வண்டியே காத்திருக்க, பணியாளர் கதவில் ஒட்டிய தாளில் மாமா பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்: ‘ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். திரும்பி வருவேன். யாரும் துணியைத் திருப்பிக் கேட்க வேண்டாம்.’

தெரு மொத்தமும் கதவிடுக்கு வழியாக அதைப் படித்தது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஒரு குரல்.

“குருவியம்மா! எங்க வீட்ல இருமறது டிவி இல்ல!”

குருவிக்குக் குணமாகி, அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று சுகாதார நிலையத்தில் புது மஞ்சள் தாள் கட்டுக்கட்டாக வந்திருந்தது. அம்மா ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தது.

“அச்சடிக்க மறந்துட்டாங்களா?”

“டாக்டர்தான் அப்படிச் செய்யச் சொன்னாராம்.”

குருவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. அவள் ஜன்னலுக்கு ஓடினாள்.

“மாமா! ஒரு விடுகதை போடுங்க!”

“போடி! துணி மலையாக் கிடக்கு!”

மிஷின் நிற்கவே இல்லை.