சுண்டலுக்கு எண்பது வேண்டும்

சுண்டலின் நிறைவு எண் அறுபத்தொன்றிலேயே நின்றது. எண்பதைத் தொடாவிட்டால் இன்னும் பன்னிரண்டு நாளில் விலங்கு நல வாரியம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். ஆறு வருடம் காத்திருந்து கோதைக்குக் கிடைத்த ஆமைக்குஞ்சு அது, உள்ளங்கையில் அடங்கும். அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

நிறைவுமானி மிளகளவு பொத்தான்தான். உடம்பில் ஒட்டினால் இதயத் துடிப்பு, ரத்தத்தில் கலக்கும் சுரப்புகள், நடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, அந்த உயிர் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லிவிடும். கோயில் யானைகள் இருபத்தேழைத் தாண்டவில்லை. ஒரே வருடத்தில் அத்தனையும் காட்டுக்குப் போயின. அதன்பிறகு எண்ணை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவு வரவில்லை.

கோதையும் குறை வைக்கவில்லை. கோவளத்துக் கோபுரத்தில் எழுபத்தோராம் மாடி. வரவேற்பறையில் பாதியை நான்கடிக் கண்ணாடித் தொட்டி அடைத்துக்கொண்டது. அடியில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும். ஒரு மூலையில் வெயில்விளக்கு, மறுமூலை குளுமை. ஒளிந்துகொள்ளப் பாதிப் பானை, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, தினமும் செம்பருத்தி இலை.

"எனக்குக்கூட நீ இப்படிப் பாத்துப் பாத்து செஞ்சதில்ல," என்றார் கணவர் பாண்டுரங்கன்.

"உங்களத் தூக்கிட்டுப் போக யாரும் வரலையே!"

வாரியத்து ஆய்வாளர் அந்தோணிராஜ் வந்து, முட்டி போட்டுத் தொட்டியைச் சோதித்தார். "சூடு சரி, ஈரம் சரி. எல்லாம் சட்டப்படிதான் இருக்கு மேடம். நம்பர் வரலையே, நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாள் கோதை வேறு வேலை பார்க்காமல் ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதும் அது நேராகக் கண்ணாடிக்கு வந்தது. முன்காலை வைத்துப் பிறாண்டியது, வழுக்கியது, மறுபடி முட்டியது. கண்ணாடி ஒரு சுவர் என்பது அதற்குத் தெரியவில்லை. அறை தெரிகிறது, ஜன்னல் தெரிகிறது, அதற்கப்பால் கடல் தெரிகிறது. வழி இருக்கிறது என்று நினைத்துவிட்டது. ஒவ்வொரு முட்டலுக்கும் எண் ஒன்று குறைந்தது.

பரணில் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக இருந்தன. உலகம் எவ்வளவு மாறினாலும் நம்மவர்கள் கெட்டி அட்டையில் பத்திரிகை அடிப்பதை விடவில்லை; பிள்ளையார் படம் போட்டதைக் குப்பையில் போடவும் யாருக்கும் மனம் வருவதில்லை. கோதை அவற்றைத் தொட்டியைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு ஒட்டினாள்.

மூன்றாம் நாள் எண்பத்தெட்டு! கோதை சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

"வெளிய தெரிஞ்சாத்தானே மேடம் ஏக்கம் வரும்!" என்று அந்தோணிராஜ் வியந்தார். அவர் கேட்டதற்காக அவள் எழுதிக் கொடுத்த குறிப்பை, வாரியம் அவள் பெயரோடு வெளியிட்டது.

அந்த மழைக்காலத்தில், குடியிருப்போருக்கும் மணிக்கட்டில் பொத்தான் ஒட்டலாமா என்று கோபுரச் சங்கம் வாக்கெடுத்தது. "ஆமைக்கு நல்லதுன்னா நமக்கு ஆகாதா?" என்று முதலில் கை தூக்கியவள் கோதை. மாதக் கடைசியில் கணக்கு வந்தது: சாயங்காலம் ஜன்னலோரம் நிற்பவர்களுக்குத்தான் எண் மிகக் குறைவு.

ஒருநாள் காலை அவள் திரையை விலக்கியபோது ஜன்னல் முழுக்க வெளியிலிருந்து வெள்ளை பூசியிருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். சங்கத்தின் அறிக்கையில் அவளுடைய குறிப்புக்கு நன்றி சொல்லியிருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்கத்தின் குறைகேள் பொறியை அழைத்தாள்.

"உங்கள் நிறைவு எண் தொண்ணூறு," என்றது அது. "எண்பதுக்குக் கீழே உள்ளவர்களின் குறைகள் மட்டுமே ஏற்கப்படும்."

"எனக்குக் கடலப் பாக்கணும்!"

"அந்த விருப்பம் உங்கள் எண்ணில் தெரியவில்லை."

கோபத்தில் எண் எண்பத்தேழுக்கு இறங்கியது. அதுவும் போதவில்லை.

"ராத்திரி நல்லாத்தானே தூங்கற, விடேன்," என்றார் பாண்டுரங்கன்.

அவளுக்கு அந்த எண்ணின் மேலேயே ஆத்திரம் வந்தது. நேராகத் தொட்டியிடம் போய்ப் பத்திரிகைகளைப் பிய்த்தெடுத்தாள். சுண்டல் பானையை விட்டு வெளியே வந்து, கண்ணாடியில் கால் வைத்து முட்டத் தொடங்கியது. எண்பத்திரண்டு, எண்பது, எழுபத்தொன்பது.

தொலைபேசியில் அந்தோணிராஜ். "எண்பதுக்குக் கீழ போயிடுச்சே மேடம்! ஆமைய எடுத்துக்க வண்டி அனுப்பட்டுமா?"

"வேணாம் சார், வேணாம். இதோ ஒட்டிடறேன்."

ஒவ்வொன்றாக எடுத்து, ஓரம் பிரியாமல் நீவி ஒட்டினாள். கடைசி அட்டையும் ஏறியதும் சுண்டல் திரும்பிப் பானைக்குள் போய்விட்டது. கோதை தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தொண்ணூற்றிரண்டு.